பழைய மைசூர்ப் பட்டும் புதிய கத்தரிக்கோலும்

பழைய பட்டுப்புடவையை விற்கப் போனால், வாங்குகிறவர் முதலில் பார்ப்பது ஜரிகையை. ஓரத்தில் ஓர் இழையை உருவி, நகத்தால் சுரண்டி, உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். அசல் வெள்ளி என்று தெரிந்த பிறகுதான் தராசு வெளியே வரும். அசல் இல்லையென்றால் புடவையைத் திருப்பித் தந்துவிடுவார். எந்த ஊரில் நெய்தது, யார் எந்த விசேஷத்துக்குக் கட்டியது என்பதெல்லாம் இந்த வியாபாரத்தில் விலை போகாத செய்திகள். வாங்கிய புடவைகளில் பெரும்பாலானவை நெருப்புக்குப் போகின்றன. பட்டு சாம்பலாகும்; மிஞ்சும் வெள்ளியை உருக்கி விற்பார்கள்.

மைசூர்ப் பட்டை நெய்யும் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகம், தன் ஜரிகையில் 65 விழுக்காடு வெள்ளியும் 0.65 விழுக்காடு தங்கமும் இருப்பதாகச் சொல்கிறது. அப்படியானால் நூறு கிராம் ஜரிகையில் 65 கிராம் வெள்ளி. வெள்ளி விலை ஏற ஏற, இரும்புப் பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் புடவைக்கு ஆபத்தும் ஏறுகிறது. தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியதை யாரும் வைப்பதில்லை. ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஏறத்தாழ ஆறேழு கிலோ பட்டுக்கூடு வேண்டும். மல்பெரி தோட்டம், புழு வளர்ப்பு, நூற்பு, முறுக்கு, நெசவு, சாயம் என்று பல கைகள் கடந்து வந்த அந்தத் துணிக்கு, எரிக்கும்போது ஒரு ரூபாய் மதிப்பும் போடப்படுவதில்லை.

இதற்கு மாற்றாக, பழைய ஆடைகளைத் தேடி எடுத்து, இன்று உடுத்தும் குர்த்தாவாகவும் மேலங்கியாகவும் மாற்றித் தைக்கும் மறுதையல் வழக்கம் நம் நகரங்களில் வளர்ந்துவருகிறது. தில்லியின் டூடுலேஜ், புணேவின் கா-ஷா போன்ற நிறுவனங்கள் கழிவுத் துணியையும் பழந்துணியையும் வைத்து உடைகள் வடிவமைக்கின்றன. சிறிய தையற்கடைகளிலும் அம்மாவின் புடவையோடு வரும் மகள்கள் கூடியிருக்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் நல்ல நோக்கம் மட்டும் துணியைக் காப்பாற்றாது. துணியின் கட்டமைப்பையும் முதுமையையும் படிக்காமல் போடும் கத்தரி, ஜரிகைக்காரரின் நெருப்பு ஒரு நாளில் செய்வதை ஓரிரு ஆண்டுகளில் செய்து முடிக்கும். இதை விளக்க மைசூர்ப் பட்டைவிடப் பொருத்தமான துணி இல்லை. அதன் பிறப்பு, இழை, ஜரிகை எல்லாம் நமக்குத் தெளிவாகத் தெரிந்தவை.

ஆலையில் பிறந்த அரச ஆடை

மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்திலிருந்து புழுக்களையும் வளர்க்கத் தெரிந்தவர்களையும் வரவழைத்தார். 1799இல் அவர் வீழ்ந்த பிறகு தொழில் தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய வல்லுநர்களைக் கொண்டு பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்தார். ஆனாலும் அன்று கூடும் நூலும் இங்கே விளைந்த அளவுக்கு உயர்ந்த துணி இங்கே நெய்யப்படவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 1912இல் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் பட்டு நெசவு ஆலையைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகள் வந்தன. அரச குடும்பத்துக்கான துணியும் அரசுப் படைக்கான அலங்காரத் துணியும் அதன் முதல் வேலை. நாடு விடுதலை அடைந்தபின் ஆலை மாநிலப் பட்டு வளர்ச்சித் துறையிடம் வந்தது. 1980இல் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் கைக்கு மாறியது. மானந்தவாடி சாலையிலுள்ள அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. மைசூர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து மறுதையல் செய்கிறவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. காஞ்சிபுரம் கைத்தறி மரபு, கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வை அதன் பெருமை, கனத்த பட்டு. மைசூர்ப் பட்டு தொடக்கம் முதலே விசைத்தறித் துணி. சீரான இழை, ஒரே நிற உடல், ஒடுங்கிய ஜரிகைக் கரை, மேலே விழுந்தால் உடலோடு ஒட்டி வழியும் மென்மை. இந்த எளிமைதான் அதைப் பிற உடைகளுக்கு இசைவாக்குகிறது. காஞ்சிப் பட்டில் குர்த்தா தைத்தால் விறைத்து நிற்கும். மைசூர்ப் பட்டு உடம்பின் அசைவோடு போகும். அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை வெட்டுவதுதான் பிழைகளின் தொடக்கம்.

முறுக்கிய ஊடையின் பிடிவாதம்

மைசூர்ப் பட்டு க்ரேப் வகை. நெடுக்கே ஓடும் பாவு நூலில் முறுக்கு குறைவு. குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு மீட்டருக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முறுக்கு ஏற்றுகிறார்கள். அதிலும் ஒரு பகுதிக்கு வலப்புற முறுக்கு, ஒரு பகுதிக்கு இடப்புற முறுக்கு. இரண்டையும் மாற்றி மாற்றி நெய்கிறார்கள். தறியில் இருக்கும்போது துணி விறைப்பாகத் தட்டையாக இருக்கும், ஏனென்றால் பட்டிழையின் மேல் செரிசின் என்ற பசை இன்னும் இருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் பசை. நெய்த துணியைச் சோப்புக் கரைசலில் கொதிக்கவைக்கும்போது பசை கரையும். பிடி தளர்ந்ததும் முறுக்கிய நூல்கள் எதிரெதிர்த் திசையில் அவிழப் பார்க்கும். அந்த இழுபறியில் துணி அகலவாக்கில் சுருங்கும். மேற்பரப்பில் நுண்ணிய மணல்போன்ற கரடு எழும். அதற்குப் பிறகுதான் சாயம்.

அந்த இழுபறி ஆலையோடு முடிந்துவிடுவதில்லை. துணி நனையும்போதெல்லாம் முறுக்கு மறுபடி விழித்துக்கொள்கிறது. வீட்டில் நனைத்துத் துவைத்த மைசூர்ப் பட்டு அகலம் குறைந்துபோவது இதனால்தான். உலர்சலவையே கண்ட பழைய புடவையை அப்படியே வெட்டி உடையாக்கினால், முதல் முறை நனைந்ததும் உடை சுருங்கித் தையலோரங்கள் இழுத்துக்கொள்ளும். நனைத்துத் துவைக்கப்போகும் உடையாக வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன்பே துணியை நீராவியில் தளரவிட்டு, சாயம் பிடித்து நிற்கிறதா என்று ஓரத்தில் சோதித்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட வேண்டும். சாயம் ஓடினால் அந்த உடை என்றைக்கும் உலர்சலவைக்குரியது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல் கரையில் இருக்கிறது. புடவையின் கரை பாவு வாக்கில், நீளமாக ஓடுகிறது. குர்த்தாவின் அடியிலோ பாவாடையின் அடியிலோ கரை வர வேண்டும் என்றால் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்ட வேண்டும். அப்போது உடையின் நெடுக்கில் தொங்குவது அதிக முறுக்குள்ள ஊடை. சாதாரணப் பட்டில் இதனால் பெரிய வேறுபாடு இல்லை. க்ரேப்பில் அந்தத் திசைதான் நீளும், சுருங்கும். தைத்த அன்று நேராக இருந்த அடிவிளிம்பு சில நாளில் மேலும் கீழுமாகப் போவதற்குத் தையற்காரரின் கை காரணம் இல்லை, திசை காரணம். பாகங்களை இணைத்தபின் உடையை ஒரு நாள் தொங்கவிட்டு, அது இறங்க வேண்டிய அளவு இறங்கிய பிறகே அடி மடித்துத் தைப்பது இதற்குத் தீர்வு.

பட்டு முதுமை அடையும் விதம்

பழைய ஆடையைத் தேர்வு செய்கிறவருக்கு உலகின் மிகப் பெரிய எச்சரிக்கை ஐரோப்பியப் பட்டு கவுன்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு எடைக்கு விற்றது. பசை நீக்கியதும் நாலில் ஒரு பங்கு எடை போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட, வெள்ளீய உப்புகளில் பட்டை ஊறவைத்து எடை கூட்டினார்கள். இழந்ததைவிட அதிகமாகவும் ஏற்றினார்கள். அந்தத் துணி கனமாக விழும், உடுத்தினால் சரசரக்கும். ஆனால் உலோக உப்பு இழையை உள்ளிருந்தே தின்றது. 1890 முதல் 1920கள் வரை தைத்த எத்தனையோ கவுன்கள் இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில், யாரும் தொடாமலே, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1938இல், எடையேற்றிய பட்டை அப்படியே சொல்லி விற்க வேண்டும் என்று விதி வகுத்தது. அந்தக் கால மேலை உடை ஒன்று கையில் கிடைத்தால், மறுதையலைப் பற்றி நினைக்கும் முன் இந்த வரலாற்றை நினைக்க வேண்டும்.

தூய பட்டு என்ற பெயரில் நிற்கும் மைசூர்ப் பட்டுக்கு அந்த நோய் இல்லை. அதன் முதுமை வேறு வழிகளில் வருகிறது. முதலாவது ஒளி. இயற்கை இழைகளில் வெளிச்சத்துக்கு மிக எளிதில் தளர்வது பட்டு. கண்ணாடி அலமாரியில் வெளியே தெரியும்படி மடித்து வைத்த புடவையின் மேல்மடிப்பு வெளிறுவதோடு வலுவும் இழக்கும். இரண்டாவது வியர்வை. அக்குளிலும் இடுப்பிலும் படிந்த உப்பு, துவைக்காமல் மடித்து வைத்த புடவைக்குள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். மூன்றாவது மடிப்பு. ஒரே கோட்டில் பல ஆண்டு மடிந்த இழை அங்கேயே முறியும். நான்காவது ஜரிகை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கவைக்கும். தட்டையான உலோக நாடா தன் ஓரத்தால் அருகிலுள்ள பட்டிழையை அறுக்கும். கரையை ஒட்டினாற்போல் உடலில் நீளமாக விழும் கிழிசலுக்கு இதுவே காரணம்.

மைசூருக்கு இதில் ஒரு நற்பேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரம், உப்புக்காற்று இல்லை, வெயிலும் மிதம். சென்னையிலும் நாகையிலும் பீரோவுக்குள் ஈரம் தேங்குவதுபோல் இங்கே தேங்குவதில்லை. அதனால் மைசூர் வீடுகளில் மூன்று தலைமுறைப் புடவைகள் உடுத்தும் நிலையிலேயே கிடைப்பது வியப்பில்லை.

வீட்டிலேயே இருந்த கலை

பழைய புடவையை மாற்றித் தைப்பது இன்று புதுப் பெயரோடு வருகிறது. வேலை நம் வீடுகளில் முன்பே இருந்தது. அம்மாவின் பட்டில் மகளுக்குப் பாவாடை தைப்பார்கள். பாவாடையின் அடியில் இரண்டு மூன்று டக் வைத்துத் தைத்து, பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். சட்டையின் பக்கத் தையலில் ஓரிரு அங்குலம் உள்ளே பிடித்து வைப்பார்கள். அந்தத் தையற்காரர் வெட்டும்போதே அடுத்த நாலு ஆண்டைக் கணக்கிட்டார். இன்றைய மறுதையலுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

மைசூரின் தசராவில் இன்னொரு மரபு உண்டு. அரண்மனையிலும் வீடுகளிலும் கொலுவில் நடுவிடம் பெறும் பட்டத பொம்பே என்ற ராஜா ராணி மரப் பொம்மைகளுக்கு ஆண்டுதோறும் பட்டுடுத்தி நகை பூட்டுவார்கள். முழுப் புடவையாக உடுத்த முடியாமல் நைந்த பட்டின் நல்ல துண்டுகள் அங்கே வேட்டியாகவும் சேலையாகவும் மாறும். உடம்பின் பாரமும் வியர்வையும் படாத இடம் அது. தளர்ந்த துணிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

வட கர்நாடகத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் கவுதி என்ற போர்வை தைக்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்த் போர்வைகளில் பல நிறத் துண்டுகள் ஒட்டுப் போட்டுச் சேர்கின்றன. வலுவற்ற பல அடுக்குகள் நெருக்கமான தையலால் ஒன்றையொன்று தாங்கும் என்ற நுணுக்கம் இவற்றில் இருக்கிறது. தனியாக நிற்காத பட்டை, மல் துணியின் மேல் விரித்து ஓட்டுத்தையலால் பிணைத்து மேலங்கியாக்குவதற்கு இந்தப் போர்வைகளே முன்மாதிரி.

ஜப்பானியக் கிமோனோவையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒடுங்கிய நீளத் துணியை நேர்கோடுகளில் மட்டும் வெட்டித் தைப்பதால், அதை முழுவதும் பிரித்து, துண்டுகளை முனையோடு முனை இணைத்து, மீண்டும் ஒரே நீளத் துணியாக்கித் துவைக்க முடிந்தது. பிறகு நைந்த பகுதியை உள்ளே தள்ளி மறுபடி தைப்பார்கள். வளைவு வெட்டு துணியைக் கழிவாக்குகிறது. நேர்வெட்டு அடுத்த வாய்ப்பைத் திறந்து வைக்கிறது. கத்தரியே படாத புடவையைக் கையில் வைத்திருக்கும் நாம் இந்த விதியை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

தேடுதலும் தேர்வும்

மைசூர்ப் பட்டு கிடைக்கும் முதல் இடம் குடும்பம். வீடு மாறும்போதும், பாகப்பிரிவினையின்போதும், மூத்தவர் மறைவுக்குப் பின்னும் பெட்டிகள் திறக்கின்றன. மைசூரில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பங்களில் மடிசாருக்கான ஒன்பது கஜப் பட்டு கிடைத்தால் எட்டு மீட்டருக்கு மேல் துணி கையில் வருகிறது. இரண்டாவது இடம் பழந்துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்களும் ஜரிகை வியாபாரிகளும். இங்கே ஒரு முரண் நமக்குச் சாதகமாகிறது. ஜரிகைக்காரர் ஒதுக்கும் புடவைகளில்தான் மறுதையலுக்கான நல்ல உடல் துணி இருக்கும்: கரை இல்லாத க்ரேப், சாதாரண ஜரிகைக் கரை, பழைய பூவச்சுப் பட்டு. வெள்ளி விலைக்காகப் போகும் புடவையிலும், கரையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைத் தரச் சொல்லிக் கேட்கலாம். குடும்பம் ஜரிகைப் பணத்தையும் இழக்காது, துணியும் எரியாது.

வாங்கும்போது பகல் வெளிச்சம் வேண்டும். புடவையைச் சன்னலுக்கு எதிரே விரித்துப் பிடித்தால் மடிப்புக் கோடுகளில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அங்கங்கே நாலைந்து துளை என்றால் பரவாயில்லை. கோடு முழுவதும் தெரிந்தால் அந்தக் கோட்டில் துணி இனி நிற்காது. இழுத்துப் பார்ப்பது தவறு. வலுவைச் சோதிப்பதாக நினைத்து நாமே கிழித்துவிடுவோம். ஒரு மூலையை மென்மையாக மடித்து விட்டுப் பார்க்கலாம். நல்ல பட்டு மெல்ல விரியும். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடோ பொடியோ தென்பட்டால் அது தைப்பதற்கான துணி இல்லை.

புடவையின் உடலுக்குள்ளும் எல்லா இடமும் ஒரே வயதில் இல்லை. முந்தானை வெளிச்சத்தைக் கண்டது. தோளில் ஊக்கு குத்தியது. கொசுவம் செருகிய இடம் வியர்வையையும் இறுக்கத்தையும் தாங்கியது. கீழ்க்கரை குதிகாலில் உரசியது. ஃபால்ஸ் வைத்திருந்தால் அதன் பின்னால் உள்ள துணி தப்பியிருக்கும். கட்டும்போது முதலில் செருகும் உள்முனை மற்றச் சுற்றுகளுக்குள் மறைந்தே இருந்ததால் பழைய நிறம் அங்கேதான் மாறாமல் இருக்கும். இவற்றையெல்லாம் பென்சிலால் ஒரு தாளில் வரைபடமாகக் குறித்துக்கொண்டு, துணியில் வெள்ளை நூலால் தளர்வாக அடையாளம் தைத்துவிட வேண்டும். நில அளவையாளர் புலப்படம் வரையாமல் மனை பிரிப்பதில்லை. துணியையும் அப்படியே நடத்த வேண்டும்.

கறுத்த ஜரிகையைப் பளபளப்பாக்க எலுமிச்சை, புளி, பல்பொடி என்று சொல்லப்படும் எதையும் தொடக்கூடாது. மேலே இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். குளோரின் கலந்த வெளுப்பான் பட்டையே கரைத்துவிடும்.

வெட்டும் ஒழுங்கு

ஐந்தரை மீட்டர் நீளம், ஏறத்தாழ 1.15 மீட்டர் அகலம் என்று ஒரு புடவையை எடுத்துக்கொள்வோம். முட்டிக்குக் கீழ் இறங்கும் முழுக்கைக் குர்த்தாவுக்கு இரண்டரை மீட்டர் போதும். இடுப்பளவு மேலங்கிக்கு ஒன்றரை மீட்டர். முந்தானையைத் தொடாமல் வைத்துக்கொண்டாலும் இவை இரண்டும் ஒரே புடவையில் அடங்கும். முந்தானையை வெட்டாமல் துப்பட்டாவாகவே விட்டுவிடலாம். ஒரே புடவையிலிருந்து ஒரு பெரிய சுழல்கவுன் தைத்துவிட்டு மிச்சத்தைத் துண்டுகளாக்குவதைவிட இது சிக்கனமும் மரியாதையும் கூடிய பங்கீடு.

வரிசை முக்கியம். முதலில் நைந்த பகுதிகளை ஒதுக்க வேண்டும். பிறகு அவை கை மடிப்பிலோ உள்விளிம்பிலோ விழுமாறு அமைப்பை வரைய வேண்டும். அதன் பிறகே கத்தரி. க்ரேப் மேசையில் வழுக்கும், ஆகவே அடியில் தாள் விரித்துத் தாளோடு சேர்த்து வெட்டுவது நல்லது. சாதாரண பிளவுஸுக்குப் போடும் கனத்த ஊசி பட்டில் துளை விடும்; 9 அல்லது 11ஆம் எண் ஊசியும் நுண்ணிய நூலும் வேண்டும். பிரித்தாலும் துளை மறையாது என்பதால் முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு உடுத்திப் பார்த்துவிட்டு இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய விதி லைனிங்கைப் பற்றியது. பழம்பட்டு உடம்பின் பாரத்தைத் தாங்கக்கூடாது. மல் துணியில் லைனிங்கைப் பட்டைவிடச் சற்றே சிறியதாக வெட்டினால், உட்காரும்போதும் கை தூக்கும்போதும் வரும் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். பட்டு அதன்மேல் சுமையின்றி விழும். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளவுஸைப் பழம்பட்டில் தைப்பது அதைத் தண்டிப்பதற்குச் சமம். தளர்ந்த குர்த்தா, திறந்த மேலங்கி, மடிப்புப் பாவாடை ஆகியவையே அதற்கேற்ற உடைகள். ஓட்டைகளைப் பூவேலையால் மூடுவதிலும் கவனம் தேவை. கசூதி என்னும் பூவேலை இழையெண்ணித் தைப்பது; வலுவுள்ள துணியில் அழகு. நைந்த பட்டில் நெருக்கமாகத் தைத்தால் அந்த இடமே பெயர்ந்துவரும். அடியில் மெல்லிய பட்டுத் துண்டு வைத்து ஓரிரு இழையால் தாங்கிப் பிடிப்பது போதும்.

வெட்டக்கூடாதவை

1912இல் தொடங்கிய ஆலையின் தொடக்க காலத் துணிகள் இப்போது நூறு வயதைக் கடந்திருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைக்கிறது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வீட்டிலுள்ள பழம்புடவையை மாற்றித் தைப்பது குற்றம் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த வயதுடைய துணியை உடையாக்குவது அறிவுடைமை ஆகாது. கல்யாணப் படத்தோடும் வாங்கிய ரசீதோடும் கிடைக்கும் புடவையும் அப்படித்தான். அதை விரித்து, அளந்து, படமெடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வைப்பதே சரி. மாற்றித் தைப்பதற்கு 1960கள் தொடங்கி 1990கள் வரையிலான புடவைகள் ஏராளமாக இருக்கின்றன; ஒன்றிரண்டு மூத்த துணிகளை விட்டுவைப்பதால் யாருக்கும் குறைவில்லை.

பட்டுத் தொழில் கழகம் இப்போது ஒவ்வொரு புடவையிலும் தனிக் குறியீட்டு எண்ணை இடுகிறது. அந்த எண் உள்ள ஓரம் கிடைத்தால் அதை வெட்டி எறியாமல் புதிய உடையின் உள்பக்கத்தில் வைத்துத் தைக்கலாம். பக்கத்தில் சிறு துணிப்பட்டையில் யாருடைய புடவை, எந்த ஆண்டு பிரித்துத் தைத்தது என்று எழுதலாம். துணியின் வரலாறு அதோடு பயணப்பட இந்தச் சிறிய ஏற்பாடு போதும்.

மைசூர் செய்யக்கூடியது

இந்த வேலைக்குத் தேவையானவை ஒரே ஊரில் அமைந்திருக்கின்றன. துணி நெய்த ஆலை மானந்தவாடி சாலையில் இருக்கிறது. 1961இல் தோன்றிய மத்தியப் பட்டு வளர்ச்சி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அதே சாலையில் இருக்கிறது. புதிய மைசூர்ப் பட்டுக்காகக் கழகத்தின் கடைகளில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். பழைய பட்டுக்கு மட்டும் அந்த ஊரில் ஜரிகைத் தராசைத் தவிர வேறு வாசல் இல்லை. புதுப் புடவை விற்கும் இடத்திலேயே பழைய புடவையைச் சோதித்து, இது உடுத்தலாம், இது மாற்றித் தைக்கலாம், இது பாதுகாக்க வேண்டியது என்று சொல்ல ஒரு மேசை போட்டால் போதும். க்ரேப்பின் குணம் அறிந்த தையற்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், வெள்ளி விலையைவிட மேலான கூலியும் துணிக்கு மேலான விலையும் ஒருசேர வரும். ஜரிகைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் ஒருவர்தான் பழைய பட்டுக்கு விலை வைத்திருக்கிறார். வேறு விலை வைக்க மற்றவர்கள் முன்வராததால் அவர் விலை நிற்கிறது.

மறுதையலின் வெற்றியை அளக்க நான் வேண்டுவது ஒரே அளவுகோல். இன்று நாம் தைக்கும் குர்த்தாவை இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் பிரித்தால், அவருக்கு நேரான துண்டுகளும், உள்ளே பிடித்துவைத்த துணியும், கிழியாத தையலோரமும் கிடைக்க வேண்டும். டக் வைத்துப் பாவாடை தைத்த தையற்காரர் அதை ஒரு குழந்தையின் வளர்ச்சிக்காகச் செய்தார். நாம் துணியின் ஆயுளுக்காகச் செய்ய வேண்டும். அடுத்தவருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத மறுதையல், எத்தனை அழகாக இருந்தாலும், மைசூர்ப் பட்டை இன்னொரு முறை எரிப்பதுதான்.